வெல்லக்கூடிய அறியாமை





சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த ஆன்ம பரிசோதனைப் பட்டியலை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பொய் சொன்னேனா, களவெடுத்தேனா, பெற்றோருக்குக் கீழ்ப்படியாதிருந்தேனா, ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டேனா என்று அது நீண்டு செல்லும். அறிந்திருக்க வேண்டியதை அறிந்துகொள்ள முயலாமல் இருந்தேனா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. இன்று அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்றே நான் கருதுகின்றேன். உலக சமூகத் தொடர்பு நாளைக் கொண்டாடவிருக்கும் இவ்வேளையில் அதைப் பற்றிச் சற்று விரிவாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். மறையுரைக்குரிய பத்து நிமிடங்களில் இதைச் சொல்லி முடிக்க இயலாது. ஆகவேதான் இங்கே எழுதுகின்றேன்.

வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது இரண்டு வகையான பதில்களை நான் அடிக்கடி கேட்பதுண்டு. “சுவாமி, நான் இப்ப செய்தி பார்க்கிறதையே விட்டிட்டன், மனம் நிம்மதியாய் இருக்கு” என்பது ஒன்று. “எல்லாம் வட்ஸ்அப்பில வருகுதுதானே சுவாமி, தனியாய் என்னத்தைப் பார்க்கிறது” என்பது மற்றது. முதலாமவர் கதவை முற்றாக அடைத்துவிட்டார். இரண்டாமவர் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றார். ஆனால் உள்ளே வருவது யார் என்று பார்ப்பதில்லை. நாட்டில் நடப்பது இன்னதென்று இருவருக்குமே தெரியாது.

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்ற காலத்தில் அறியாமையை வகைப்படுத்திக் கற்பித்தார்கள். வெல்ல இயலாத அறியாமை என்று ஒன்று உண்டு. எவ்வளவு முயன்றாலும் ஒருவருக்கு உண்மை தெரியவர வழியே இல்லாத நிலை அது. அதற்காகக் கடவுள் எவரையும் குற்றம் சாட்டுவதில்லை. வெல்லக்கூடிய அறியாமை என்பது இரண்டாவது. சிறிது முயன்றிருந்தால், ஒருவரைக் கேட்டிருந்தால், ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்; முயலவில்லை. இதற்கு நாம் பொறுப்பாளிகள். இவற்றுக்கு அப்பால் இன்னொன்றையும் புனித தோமஸ் அக்குவினாஸ் எடுத்துக்காட்டுகின்றார். தெரிந்துகொண்டால் எதையாவது செய்ய வேண்டிவரும் என்பதற்காகவே தெரியாமல் இருந்துவிடுவது. இந்த அறியாமை குற்றத்தைக் குறைக்காது.

திருவிவிலியத்தை நன்கு அறிந்த உங்களுக்கு இது புதிதன்று. தம்பி எங்கே என்று கடவுள் வினவியபோது, காயின் முதலில் சொன்னது தனக்குத் தெரியாது என்பதே. மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்வைக் காட்சியில் இடப்பக்கம் நிறுத்தப்பட்டவர்கள் முன்வைக்கும் வாதமும் அதுவேதான். பசித்தவராகவோ சிறையிருந்தவராகவோ உம்மை நாங்கள் கண்டதே இல்லையே என்பது அவர்கள் பக்க நியாயம். அந்த நியாயம் அங்கே ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வெல்ல இயலாத அறியாமை எத்தகையது என்பது அனுபவத்தில் தெரியும். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறி கிடைப்பது அரிது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டோம். லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை, பிலிப்பைன்ஸிலிருந்து வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி, கொழும்பிலிருந்து இலங்கை வானொலி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கேட்போம். சுற்றுகின்றவரின் கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தளரும். பங்கு முற்றத்தில் கூடியிருந்த பெரியவர்கள் மூன்று நிலையங்களும் சொன்னதை ஒப்பிட்டு, “இதைக் கண்ணால கண்டவன் ஆர்?” என்று கேட்பார்கள். அடுத்த நாள் அந்த ஊரிலிருந்து வந்தவரைத் தேடிப்போய் விசாரிப்பார்கள். அவர்களுள் பலர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். ஆயினும் ஒரு செய்தியை எப்படி எடைபோடுவது என்பதை எந்த ஊடகக் கல்லூரியும் கற்பிக்காமலேயே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்று நம் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கின்றது. மின்சாரத்துக்காக எவரும் பெடல் சுற்ற வேண்டியதில்லை. நம்முடைய அறியாமையின் பெரும்பகுதி வெல்லக்கூடிய அறியாமை ஆகிவிட்டது. அதனாலேயே நம் பொறுப்பு நம் பெற்றோரின் பொறுப்பைவிடப் பெரிதாகிவிட்டது.

அறிந்திருப்பது ஒருவரின் சொந்த நலனுக்காக மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். 2004 டிசெம்பர் 26ஆம் நாளை நம்மில் எவரும் மறக்கமாட்டோம். அது ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியதற்கும் இலங்கையின் கிழக்குக் கரையை அலை தாக்கியதற்கும் இடையில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இருந்தது. இந்துமாக்கடலுக்கென்று ஆழிப்பேரலை எச்சரிக்கை முறைமை அன்று இருக்கவில்லை. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மக்கள் எதையும் அறியாமலே மடிந்தார்கள். இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோரை நாம் இழந்தோம். அது வெல்ல இயலாத அறியாமை.

அதே காலையில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் நடந்தது வேறு. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் பற்றிய செய்தியை அறிந்த அவர் உடனே ஊரிலிருந்த தம் குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்தார். கடல் வழக்கத்துக்கு மாறாக ஊருக்குள் வருகின்றது என்று அவர்கள் சொன்னதும், எல்லோரையும் அங்கிருந்து வெளியேறச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. வீடுகளும் படகுகளும் அழிந்தன. 3,000க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள்.

இந்நிகழ்விலிருந்து இரண்டு உண்மைகளை நாம் மனதிற்கொள்ள வேண்டும். முதலாவது, அந்த இளைஞர் நம்மைப் போலப் பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றவர். தொலைவில் இருப்பவருக்குச் சில வேளைகளில் அருகில் இருப்பவரைவிட முன்னதாகத் தெரியவருகின்றது. அது ஒரு சலுகை, கூடவே ஒரு கடமை. இரண்டாவது, அந்தக் கரையோர அறிவு மையங்கள் அலையின் உயரத்தையும் வானிலையையும் மீனவருக்கு நாள்தோறும் அறிவித்து வந்தவை. சாதாரண நாள்களில் உண்மையைச் சொல்லிவந்த குரல் என்பதாலேயே, அசாதாரண நாளில் அது சொன்னதை மக்கள் நம்பி ஓடினார்கள். நம் குடும்பத்தாருக்கு நாம் அனுப்பும் செய்திகள் அப்படியான நம்பிக்கையைப் பெற்றிருக்கின்றனவா? ஒவ்வொரு நாளும் பொய்யான மருந்துக் குறிப்புகளையும் பழைய காணொளிகளையும் அனுப்பிவரும் ஒருவர் உண்மையான ஆபத்தின்போது எச்சரித்தால் எத்தனை பேர் செவிமடுப்பார்கள்?

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நாம் கண்டோம். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்தத் தாக்குதல் பற்றிய வெளிநாட்டுப் புலனாய்வு எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் நாளிலேயே இலங்கை அதிகாரிகளின் கைகளுக்கு வந்திருந்தது. ஆலயங்களுக்கு அதை எவரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அன்றைய திருப்பலிகளை நிறுத்தியிருப்பேன் என்று கொழும்புப் பேராயர் பின்னர் வேதனையுடன் கூறினார். தடுக்கத் தவறியமைக்காக, அந்நாளைய சனாதிபதி 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெரிந்ததை உரியவருக்குச் சொல்லாமல் விடுவதும் குற்றமே என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

அந்த இரவின் இன்னொரு முகத்தை இங்கே கனடாவில் நாம் கண்டோம். இலங்கையில் காலை 8.45 மணி என்பது ரொறன்ரோவில் சனிக்கிழமை இரவு 11.15 மணி. பாஸ்கா திருவிழிப்பு வழிபாட்டை முடித்து வீடு திரும்பியவர்களின் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. இறந்தவர்களின் பெயர்கள் என்று ஒரு பட்டியல் வட்ஸ்அப்பில் சுற்றியது. நீர்கொழும்பில் சகோதரி குடும்பத்தோடு வாழும் ஒரு தாய் அதில் தன் சகோதரியின் பெயரைக் கண்டு விடியும்வரை கதறினார். முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றை இலங்கை அரசு முடக்கியிருந்ததால் உடனே விசாரிக்கவும் வழியில்லை. அந்தச் சகோதரி முந்திய இரவே திருவிழிப்புக்குச் சென்றிருந்தார். காலையில் வீட்டில் நலமாக உறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பட்டியலை எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அதை அந்தத் தாய்க்கு அனுப்பியவர் நம் பங்கைச் சேர்ந்தவர், நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார்.

அந்த வாரத்தில் அதிகாரபூர்வமான தகவல்களே தடுமாறின. இறந்தவர்கள் 359 பேர் என்று முதலில் அறிவித்தவர்கள், பின்னர் ஏறத்தாழ நூறு பேரைக் குறைத்து 253 என்றார்கள். தேடப்படுபவர் என்று காவல்துறை வெளியிட்ட படங்களுள் ஒன்று, சம்பவத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஓர் அமெரிக்கப் பெண்ணுடையது. பின்னர் மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் அந்தப் படம் எத்தனை கைகளுக்குப் போயிருக்கும்? அறிந்திருத்தல் என்றால் முதலில் வந்த செய்தியை நம்பிவிடுவதன்று. முதற்செய்தி பெரும்பாலும் குறைச்செய்தி என்பதைத் தெரிந்து, பொறுத்திருந்து, திருத்தத்தையும் சேர்த்து வாசிப்பதே அறிந்திருத்தல்.

இனி, நாம் வாழும் இந்த நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பதிவை உங்களுள் பெரும்பாலானோர் முகநூலில் வாசிக்கின்றீர்கள். கனடாவில் இணையச் செய்திச் சட்டம் நிறைவேற்றப்பட்டதைத் தொடர்ந்து, 2023 ஆகஸ்ட் மாதத்தில் மெட்டா நிறுவனம் இந்நாட்டு மக்களுக்கு முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தி நிறுவனங்களின் பதிவுகளைக் காட்டுவதை நிறுத்தியது. கனடாச் செய்தித்தாள்கள் மட்டுமன்றி வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களும் அதில் அடங்கும். அரசு செய்தது சரியா, நிறுவனம் செய்தது சரியா என்பதை இங்கே நான் ஆராயவில்லை. அதே மாதத்தில் காட்டுத்தீ நெருங்கியதால் யெல்லோநைஃப் நகரத்து மக்கள் ஏறத்தாழ 20,000 பேர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. எந்தப் பாதை திறந்திருக்கின்றது, எங்கே தங்கலாம் என்பன பற்றிய செய்தி இணைப்புகளை அவர்களால் முகநூலில் பகிர முடியவில்லை. 2025 ஏப்ரல் 28ஆம் நாள் நாம் பொதுத்தேர்தலில் வாக்களித்தபோதும் அந்தத் தடை நீடித்தது.

இதை நீங்கள் கவனித்தீர்களா? பலர் கவனிக்கவில்லை என்பதே உண்மை. செய்தி நின்றுபோன இடம் வெறுமையாக இருந்தால் கவனித்திருப்போம். அது வெறுமையாக இருக்கவில்லை. கருத்துச் சொல்பவர்களும், கோபத்தைத் தூண்டுபவர்களும், பெயர் தெரியாத பக்கங்களும் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டார்கள். திரை முன்போலவே நிறைந்திருந்ததால், ஒன்றைக் காணவில்லை என்ற எண்ணமே நமக்கு எழவில்லை. ஆகவே என் அன்பானவர்களே, செய்தி நம்மைத் தேடி வந்த காலம் முடிந்துவிட்டது. அதைத் தேடி நாம் செல்ல வேண்டும்.

நாம் அனுப்புகின்றவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாம் கட்டளையை விளக்கும் நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பிறர் பெயருக்கு எதிரான மூன்று குற்றங்களை வேறுபடுத்திக் காட்டுகின்றது. போதிய ஆதாரமின்றி ஒருவரைக் குற்றவாளி என்று உள்ளத்தில் முடிவுசெய்வது முற்சாய்வுத் தீர்ப்பு. தக்க காரணமின்றி ஒருவருடைய உண்மையான குறையையே அதை அறியாதவருக்கு வெளிப்படுத்துவது புறங்கூறல். உண்மைக்கு மாறானதைச் சொல்லி ஒருவரின் பெயரைக் கெடுப்பது அவதூறு. இம்மூன்றையும் ஒரே விரல் அசைவில் செய்துவிட இன்று நம்மால் முடிகின்றது. ஒரு செய்தியை வாசித்து நம்பும்போது முதலாவது; அது உண்மையாக இருந்தால் பகிரும்போது இரண்டாவது; பொய்யாக இருந்தால் மூன்றாவது. “வந்ததை அனுப்பினேன், நான் எழுதவில்லை” என்று சொல்வதால் பொறுப்பு நீங்காது. களவுப் பொருளைக் கைமாற்றியவர், நான் களவெடுக்கவில்லை என்று சொல்வதைப் போன்றது அது.

இங்கே நம் சமூகம் சிறியது. ஒரு பிள்ளையின் படம், ஒரு குடும்பத்தின் மணமுறிவு, ஒரு கடையைப் பற்றிய குரற்பதிவு ஆகியவை ஸ்காபரோவில் தொடங்கினால் மாலைக்குள் பாரிஸையும் லண்டனையும் யாழ்ப்பாணத்தையும் சுற்றிவிடும். அந்தப் பிள்ளை மறுநாள் பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்பதை அனுப்பியவர்கள் நினைப்பதில்லை.

கத்தோலிக்க எழுத்தாளர்களின் பாதுகாவலராக 1923இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அறிவித்த புனித பிரான்சிஸ் சலேசியாரை இங்கே நினைவுகூர்கின்றேன். ஷப்லே பகுதியில் மறையுரை கேட்க மக்கள் வர அஞ்சிய காலத்தில், அவர் தாள்களில் எழுதி வீட்டுக் கதவுகளின் அடியால் உள்ளே நுழைத்தார். இன்றைய பகிர்தலுக்கு ஒரு முன்னோடி என்றே அவரைச் சொல்லலாம். ஆனால் அவர் நுழைத்த ஒவ்வொரு தாளையும் தாமே சிந்தித்து எழுதினார். யார் எழுதியது என்று கேட்டால் பதில்சொல்ல அதே ஊரில் இருந்தார். நாம் அனுப்பும் எத்தனை செய்திகளுக்கு அப்படி முன்னின்று பதில்சொல்ல நம்மால் முடியும்?

அப்படியானால் நாள் முழுவதும் தொலைபேசியோடு இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. அறிவை நாடும் ஒழுக்கத்தையும் வீண் வேடிக்கை நாட்டத்தையும் தோமஸ் அக்குவினாஸ் தெளிவாகப் பிரித்து வைத்தார். முன்னது நற்பண்பு, பின்னது தீநாட்டம். முன்னது அறிந்த பின் ஓய்ந்து செயலில் இறங்கும். பின்னதற்கு ஓய்வே கிடையாது; அடுத்தது என்ன என்று விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும். காலையில் இருபது நிமிடம் ஒழுங்காக ஒரு நாளிதழை வாசிப்பவர், நான்கு மணி நேரம் திரையைத் தள்ளுபவரைவிட அதிகம் அறிந்திருப்பார்.

போரின் காயங்களைச் சுமப்பவர்களுக்கு ஒரு சொல். குண்டுவீச்சின் படத்தைக் கண்டதும் கை நடுங்குகின்ற, உறக்கம் கெடுகின்ற சகோதரர்கள் நம்மிடையே பலர் இருக்கின்றார்கள். நீங்கள் திரையை அணைப்பது கடமை தவறுவதன்று. உங்கள் சார்பில் வீட்டில் இன்னொருவர் அறிந்துகொள்ளட்டும். உங்களுக்குத் தேவையானதைப் பக்குவமாகச் சொல்லட்டும். அறிந்திருக்கும் கடமையைக் குடும்பமாகவும் நிறைவேற்றலாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? நான் வேண்டிக்கொள்வன சிலவே.

நூலக அட்டை ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். 1981இல் நம் யாழ் நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். அந்த நெருப்பைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் உயிர் துறந்தார். அந்தத் துயரத்தைச் சுமக்கும் நாம், 100 கிளைகளைக் கொண்ட ரொறன்ரோ பொது நூலகத்துக்கு அருகில் வாழ்ந்துகொண்டு அதன் வாசலை மிதிக்காமல் இருப்பது எப்படி? அந்த அட்டை இருந்தால் பல நாடுகளின் நாளிதழ்களை வீட்டிலிருந்தே கட்டணமின்றி வாசிக்கலாம்.

ஒரு செய்தியை அனுப்புமுன், நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: இதைக் கண்ணால் கண்டவர் யார்? எப்போது நடந்தது? இதை அனுப்புவதால் எவருக்கு நன்மை? பதில் தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். அனுப்பியது பொய் என்று பின்னர் தெரிந்தால், அதே குழுவில், அதே மக்களுக்கு, அது பொய் என்று எழுதுங்கள். களவெடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதைப் போல, கெடுத்த பெயரைச் சீர்செய்வதும் நீதியின் கடமை.

திருத்தந்தையைப் பற்றியும் திருச்சபையைப் பற்றியும் எதையேனும் கண்டால் வத்திக்கான் செய்திகளின் தமிழ்ப் பக்கத்தில் அது உள்ளதா என்று பாருங்கள். 2023 மார்ச் மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பெரிய வெண்ணிறக் குளிரங்கி அணிந்து நடப்பதாக உலகெங்கும் பரவிய படம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது. இன்று குரலையும் அப்படி உருவாக்குகின்றார்கள். என் பெயரிலோ வேறு குருவின் பெயரிலோ அவசரமாகக் கிப்ட் கார்ட் வாங்கி எண்ணை அனுப்பும்படி செய்தி வந்தால், அது பொய். எந்தப் பங்குத்தந்தையும் அப்படிக் கேட்கமாட்டார். முதியோர் இருக்கும் வீடுகளில் இதைப் பிள்ளைகள் இன்றே சொல்லிவையுங்கள்.

பெற்றோரும் பிள்ளைகளும் இந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாசித்ததைச் சொல்லட்டும்; பெரியவர்கள் தமிழில் வாசித்ததைச் சொல்லட்டும். ஞாயிறு மதிய உணவு மேசையில் ஒரு செய்தியையேனும் இருவரும் சேர்ந்து ஆராயுங்கள். உங்கள் நகரசபை உறுப்பினர் யார், கல்விச் சபை எதைத் தீர்மானித்தது என்பதையும் முள்ளிவாய்க்காலின் நினைவோடு சேர்த்தே பேசுங்கள். தாயகத்தை மட்டும் அறிந்து வாழும் நாட்டை அறியாதிருப்பதும் முழுமையன்று. வாழும் நாட்டை மட்டும் அறிந்து தாயகத்தை மறப்பதும் முழுமையன்று.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டபோது, செய்தியை அறியும் உரிமை மனிதருக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அதே ஆணை, வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் உரிய கடமையையும் வலியுறுத்தியது. உரிமையைப் பற்றி நாம் அதிகம் பேசியிருக்கின்றோம். கடமையின் பக்கமும் திரும்புவோம்.

இன்றிரவு செபம் சொல்லிப் படுக்கைக்குச் செல்லுமுன் மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுப்பாருங்கள். இன்று நான் அறிந்திருக்க வேண்டியிருந்தும் அறிய முயலாதது எது? ஆராயாமல் நம்பியது எது? தெரிந்திருந்தும் உரியவருக்குச் சொல்லாமல் விட்டது எது? தூய ஆவியானவர் உங்கள் அறிவுக்கு ஒளியும் நாவுக்குக் காவலும் தருவாராக.

உங்களுக்காக நாளும் மன்றாடும்,
உங்கள் பங்குத்தந்தை